துண்டு போட்ட நைட்டி யாருடைய உடை?

#1 கோலப்பொடி

எங்கள் அடுக்ககத்தில் 84 வீடுகள். போன வாரம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு. லிஃப்ட், வரவேற்பறை, கார் நிறுத்தும் இடம், இங்கெல்லாம் பெண்கள் நைட்டியோடு வர வேண்டாம், குடியிருப்பின் தரத்தைக் காப்போம் என்று. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள், கட்டைவிரல்கள். எண்ணிப் பார்த்தேன், பாதிக்கு மேல் பெண்கள் போட்டது.

நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த மாதிரி வாரத்துக்கு ஒன்று வரும், நாய் விஷயம், பால்கனியில் துணி காயப்போடும் விஷயம் என்று. ஆனால் செவ்வாய்க்கிழமை காலை அம்மா பால் பாக்கெட் எடுத்து வரக் கீழே போயிருக்கிறாள். அம்மாவுக்கு 61 வயது, சாத்தூரிலிருந்து என்னோடு வந்து மூன்று வருடம் ஆகிறது. நீலத்தில் மஞ்சள் பூப்போட்ட காட்டன் நைட்டி, உள்ளே பாவாடை, மேலே அப்பாவுடைய ஈரிழைத் துண்டு. கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் துணிதான். லிஃப்டில் கூட வந்தவர் ஜிம்முக்குப் போகிற ஆள், கையில்லாத பனியன், தொடை தெரிகிற டவுசர். அவர் கேட்டிருக்கிறார், "ஆன்ட்டி, குரூப்ல மெசேஜ் பாக்கலையா?"

அம்மா அந்தக் குழுவிலேயே இல்லை. மேலே வந்து என்னிடம் எதுவும் சொல்லவும் இல்லை, எதிர்வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும். மறுநாள் விடியும் முன்னால் சமையலறையில் சத்தம் கேட்டு எழுந்து போனால், சேலை கட்டி, முந்தானைக்கு ஊக்கு குத்தி, தலைவாரிப் பொட்டு வைத்து நிற்கிறாள். இரண்டு பால் பாக்கெட்டுக்கு.

சண்டை அப்புறம் போட்டுக்கொள்கிறேன், எனக்குள்ள கேள்வி வேறு. தமிழ்நாட்டில் எந்தத் தெருவில் காலை ஏழு மணிக்குப் போய் நின்றாலும், கோலம் போடுகிறவர், தண்ணீர் பிடிக்கிறவர், பிள்ளையை வேனில் ஏற்றிவிடுகிறவர் என்று எவ்வளவு பேர் துண்டு போட்ட நைட்டியில் இருக்கிறார்கள். விளம்பரத்தில் வருகிற நைட்டிக்கு மேல் நான் ஒருநாளும் துண்டைப் பார்த்ததில்லை. நம் பெண்களின் அடையாளம் என்றால் பட்டுச்சேலைப் படத்தைத்தான் போடுகிறோம், வருடத்தில் எத்தனை நாள் பட்டு கட்டுகிறோம்? மீதி நாளெல்லாம் உடம்பில் கிடக்கிற இதை மட்டும் ஏன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை? உங்கள் வீட்டில் எப்படி என்று சொல்லுங்கள்.

#2 வைகைக்கரை

கோபித்துக்கொள்ளாதீர்கள் சகோதரி, அம்மாவிடம் அவர் கேட்டது தப்பு, பெரியவர்களிடம் அப்படிப் பேசக்கூடாது. ஆனால் அறிவிப்பில் என்ன தப்பு? பெயரிலேயே நைட் இருக்கிறது. படுக்கையறை உடுப்பை வாசல் வரைக்கும் இழுத்து வந்தது நாம்தான். முன்பெல்லாம் எந்த வீட்டிலாவது பார்த்திருப்போமா? எங்கள் அம்மாவுக்கு 66 வயது, ஊரில் தனியாகத்தான் இருக்கிறார், இன்று வரை சேலை தவிர வேறு எதிலும் நான் பார்த்ததில்லை. அடையாளம் என்றால் அதுதான்.

#3 பொடிடப்பா

அண்ணே, லுங்கி என்ன கலெக்டர் ஆபீஸ் உடுப்பா?

#4 வைகைக்கரை

லுங்கி வேறு தம்பி.

#5 பொடிடப்பா

எப்படி வேறு என்று சொல்லுங்கள், டீ வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து படிக்கிறேன்.

#6 தறிச்சத்தம்

கோலப்பொடி அக்கா, உங்கள் அம்மாவுக்கு நடந்ததைப் படித்து வயிறு எரிந்தது. ஆனாலும் நைட்டி விஷயத்தில் எனக்கு ஒரு குறை இருக்கிறது, அது வைகைக்கரை சொல்கிற குறை இல்லை.

எங்கள் வீடு தறிவீடு, காரைக்குடிப் பக்கம். கண்டாங்கி நெய்கிறோம். அந்தக் காலத்துக் கண்டாங்கியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், இப்போது கடையில் மடித்து வைத்திருப்பது வேறு. அப்போது உயரம் குட்டையாக இருக்கும், கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும். கரை மட்டும் சேலையில் பாதியைப் பிடித்துக்கொள்கிற அளவுக்கு அகலம். கடுகு மஞ்சள், செங்கல் நிறம், கறுப்பு, நடுவில் கட்டம். அப்பத்தா அதைப் பின்கொசுவம் வைத்துக் கட்டும். கொசுவத்தைப் பின்னால் செருகிவிட்டால் முன்பக்கம் தட்டாது, குனிந்து நிமிர, அம்மியில் அரைக்க, வரப்பில் நடக்க, எதற்கும் துணி காலில் மாட்டாது. ரவிக்கை கிடையாது. இன்றைக்கு நாம் எல்லாரும் முன்கொசுவம் வைத்துக் கட்டுகிற கட்டு அப்புறம் வந்து எல்லாக் கட்டையும் தின்றது. அதற்கு உள்பாவாடை வேண்டும், ரவிக்கை வேண்டும், ஊக்கு வேண்டும், கண்ணாடி வேண்டும்.

ஆக நான் நைட்டியைத் திட்டவில்லை, அது வருவதற்கு முன்னாலேயே கதை முடிந்துவிட்டது. என் வருத்தமெல்லாம், கரையையும் கொசுவத்தையும் பார்த்தே இந்த அம்மா எந்த ஊர், என்ன வேலை செய்கிறவர் என்று சொல்லிவிடலாம் என்று இருந்த ஒரு காலம் போய், சாத்தூரும் சைதாப்பேட்டையும் ஒரே பூப்போட்ட பாப்ளினில் நிற்கிறதே என்பதுதான். 2019-இல் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் தெருவில் இனிப்புக் கொடுத்தார்கள். கொடுத்த அம்மாக்கள் எல்லாரும் நைட்டியில்தான் இருந்தார்கள், நான் உட்பட.

#7 பொடிடப்பா

கடைசி வரிக்கு எழுந்து நின்று கைதட்டினேன்.

#8 நாஞ்சில் அக்கா

தறிச்சத்தம், நீ எழுதினதில் ஒரு வரி எனக்கு முள்ளாகக் குத்தியது தங்கச்சி. கட்டைப் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு அது அழகு. எங்கள் ஊரில் அதே கணக்கை வைத்துத்தான் துணியைக் கிழித்தார்கள்.

நான் கன்னியாகுமரி மாவட்டம். அது தென் திருவிதாங்கூராக இருந்தபோது நாடார் பெண்களும் அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்ட சாதிப் பெண்களும் இடுப்புக்கு மேலே துணி போடக் கூடாது. கிறித்தவ மிஷனில் சேர்ந்த பெண்கள் குப்பாயம் என்று ஒரு சட்டை தைத்துப் போட்டார்கள், 1820-களிலிருந்தே அடிதடி. 1829-இல் அரசு ஓர் உத்தரவு போட்டது. கிறித்தவப் பெண்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்கள் தோளில் போடுகிற மேல்சீலை மட்டும் போடக் கூடாது. அப்புறம் 1858, 59-இல் பெரிய கலவரம், சந்தையில் வைத்துச் சட்டையைக் கிழிப்பது, ஜெபவீடுகளைக் கொளுத்துவது என்று. மதராஸ் கவர்னராக இருந்த டிரெவிலியன் நெருக்கின பிறகு 1859 ஜூலை 26-ஆம் தேதி ராஜா விளம்பரம், அதாவது அரசரின் அறிவிப்பு, வந்தது. நாடார் பெண்கள் கிறித்தவப் பெண்களைப் போலச் சட்டை போடலாம், அல்லது மீன்பிடிக்கிற முக்குவச் சாதிப் பெண்களைப் போல முரட்டுத் துணி சுற்றிக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடுகிற விதத்தில் மட்டும் போடக் கூடாது!

இந்தக் கடைசி நிபந்தனையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறாது. அவர்களுக்கு மார்பு தெரிவது பிரச்சினையே இல்லை, மறைப்பதும் பிரச்சினை இல்லை. தூரத்தில் வரும்போதே வித்தியாசம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

என் பாட்டி ரவிக்கையை ஜம்பர் என்றுதான் சொல்லும். பொத்தான் ஒன்று விட்டுப்போனாலும் அன்றைக்கே தைத்து வைத்துவிடும், விளக்கு வைத்தாலும் சரி. ஏன் பாட்டி நாளைக்குத் தைக்கலாமே என்றால், "இது சும்மா வந்ததா பிள்ளே" என்று சொல்லும். சின்ன வயதில் துணிக்குக் கொடுத்த காசைச் சொல்கிறது என்றுதான் நினைத்தேன்.

இப்போது யோசித்துப் பார். ஒரு நைட்டியைப் பார்த்து எந்தச் சாதி, எந்த ஊர், கட்டினவளா கட்டாதவளா, அறுத்தவளா என்று யாராவது சொல்ல முடியுமா? எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

#9 தறிச்சத்தம்

அக்கா, பதில் எழுத இரண்டு முறை ஆரம்பித்து அழித்தேன். நீங்கள் சொல்வது சரி. தறியில் உட்கார்ந்து பார்த்தால் கரை கரையாகத்தான் தெரிகிறது. கட்டிக்கொண்டு தெருவில் நடந்தவளுக்கு அது என்னவாக இருந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை.

#10 வைகைக்கரை

வரலாறு எல்லாம் சரிதான், மதிக்கிறேன். அதற்காக எல்லாவற்றுக்கும் வரலாறு பேசினால் நாளைக்கு நைட்டியோடு கல்யாணத்துக்கு வருவீர்களா? இடம் பொருள் என்று ஒன்று இருக்கிறதே. அப்புறம் அறிவிப்புக்குக் கைதட்டினவர்கள் பாதிக்கு மேல் பெண்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

#11 நாஞ்சில் அக்கா

பெண்கள் கைதட்டுவது புதிது இல்லை தம்பி. 2014-இல் நவி மும்பையில் கோத்திவலி என்கிற ஊரில் மகளிர் மன்றமே கூடி, பகலில் நைட்டி போட்டால் 500 ரூபாய் அபராதம் என்று பலகை வைத்தது. 2018-இல் ஆந்திரா மேற்கு கோதாவரியில் தோக்கலபள்ளி, அங்கே பெரியவர்கள் கூடிக் காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை நைட்டி கூடாது, மீறினால் 2000, காட்டிக்கொடுத்தால் 1000 பரிசு என்றார்கள். பேப்பரில் வந்து போலீஸ், தாசில்தார் எல்லாம் ஊருக்குப் போனார்கள். ஆனால் ஒன்றைக் கவனி, தடை போட வேண்டிய அளவுக்கு ஊர் முழுக்க அதைப் போட்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்.

#12 மெஷின் அக்கா

இந்த இழையை நேற்று ராத்திரி முழுக்கப் படித்தேன். நான் தையல் கடை வைத்திருக்கிறேன், இருபத்திரண்டு வருடம். சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, ஜாக்கெட், சுடிதார் எல்லாம் உண்டு, ஆனால் கடை வாடகை கொடுப்பது நைட்டிதான். ரெடிமேட் இருநூற்றைம்பதுக்குக் கிடைக்கும்போது எதற்குத் தைக்கிறார்கள் என்று கேட்பீர்கள். பாக்கெட்டுக்காக.

சிரிக்காதீர்கள். ரெடிமேடில் முக்கால்வாசிக்குப் பாக்கெட் இருக்காது, இருந்தால் இரண்டு விரல் போகும். என்னிடம் வருகிறவர்கள் முதலில் சொல்வது, "வலது பக்கம் ஆழமா ஒரு பாக்கெட் வை". செல்போன், வீட்டுச் சாவி, சில்லறை, சீட்டுக் காசு. ஒரு அம்மா உள்பக்கமும் ஒன்று ஜிப் வைத்துக் கேட்டார், புருஷன் கைக்கு எட்டாத பாக்கெட் என்று சொல்லித்தான் கேட்டார். இடுப்பில் சுருக்குப்பை செருகின பாட்டிகளுக்கு அப்புறம் பெண்கள் உடுப்பில் காசு வைக்க ஒரு இடம் வந்தது இதில்தான். சேலையில் முந்தானை முடிச்சு, அவ்வளவுதான். சுடிதாருக்குப் பாக்கெட் கேட்டால் சின்னப் பெண்களே வெட்கப்படுவார்கள், இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

மூன்று மீட்டர் துணி, மேலே யோக், நெஞ்சில் சுருக்கம், கட்டைக் கை. பால் கொடுக்கிறவர்களுக்கு இரண்டு பக்கமும் மறைவாக ஜிப். உடம்பு பெருத்தாலும் இளைத்தாலும் பிரித்துத் தைக்க வேண்டாம். ஜாக்கெட் அளவு எடுக்கும்போது பெண்கள் மூச்சை இழுத்துப் பிடிப்பார்கள், நைட்டிக்கு அளவு எடுக்கும்போது விட்டுவிடுவார்கள். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன் இத்தனை வருடமாக.

இன்னொன்று சொல்கிறேன், பெயர் ஊர் கேட்காதீர்கள். ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும், வீட்டுக்காரர் போய் ஆறேழு வருடம். கூட்டுக்குடும்பம். வெளிறின சேலைதான் கட்டி வருவார், பார்டர் கூடக் கண்ணுக்குத் தெரியாத நிறத்தில். ஒருநாள் பையிலிருந்து துணியை எடுத்து வைத்தார், ரத்தச் சிவப்பு, உள்ளங்கை அகலத்துக்குச் செம்பருத்திப் பூ. நான் மேலே நிமிர்ந்து பார்த்தேன். அவர் சொன்னார், "நைட்டில யாரு கலர் பாக்கப் போறா." அப்புறம் அவருக்கு நான் தைத்தது ஒன்பதோ பத்தோ, எல்லாம் அடிக்கிற நிறம். சேலை மட்டும் இன்றைக்கும் அதே வெளிறின சேலைதான்.

#13 கோலப்பொடி

மெஷின் அக்கா, ஆபீஸில் உட்கார்ந்து இதைப் படித்துவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

#14 வடமராட்சி வெயில்

நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது லண்டன். எங்கட பக்கம் வீட்டில போடுற நீளச் சட்டையை அம்மம்மா சோட்டி எண்டுதான் சொல்லுவா, நைட்டி எண்ட சொல் எனக்குப் பிறகுதான் தெரியும். வெளியில போறதுக்குச் சோட்டி சரிவராது எண்ட சட்டம் எங்கட வீட்டிலயும் இருந்தது, கேற் வரைக்கும்தான் அனுமதி.

சண்டைக்காலத்தில அந்தச் சட்டம் தானாய்ப் போச்சுது. இரவில ஷெல் விழத் தொடங்கினால் படுத்த உடுப்போடதான் பங்கருக்குள்ள ஓடுவம். பக்கத்து வீட்டு வாத்தியார் சாரத்தோட (உங்கட லுங்கி), அவற்ற மனுசி சோட்டியோட, நாங்கள் எல்லாரும் ஒண்டா இருந்த இரவுகள் கனக்க. பிறகு விடிஞ்சாப்போல ஆரைப் பார்த்து ஆர் வெட்கப்படுறது?

இஞ்ச லண்டனில குப்பைத்தொட்டியை வெளியில வைக்க அம்மா நைட்டிக்கு மேல குளிர்க்கோட் போட்டுக்கொண்டு போவா. ஆடி மாதத்திலயும் போவா! துண்டு செய்யிற வேலையைக் கோட் செய்யுது.

#15 சாக்பீஸ்

துண்டு பற்றி யாராவது பேசுவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், லண்டன் அக்கா தொட்டுவிட்டார்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. அந்தத் துண்டு எதை மறைக்கிறது? பாதி நேரம் கழுத்தில் மாலை மாதிரிதான் கிடக்கும், கோலம் போடக் குனிந்தால் முதலில் நழுவுவது அதுதான். ஆனாலும் துண்டு இல்லாமல் எங்கள் தெருவில் ஒருத்தியும் வாசல் தாண்ட மாட்டாள். என் கணக்குப்படி அது மறைப்பதற்கு இல்லை. "எனக்கு முறை தெரியும், தெரிந்துதான் வந்திருக்கிறேன்" என்று தெருவுக்குக் காட்டுகிற அனுமதிச் சீட்டு.

அந்தச் சீட்டை அரசாங்கமும் கேட்கும். 2015 கடைசியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னதை வைத்து 2016 ஜனவரி 1 முதல் கோயில்களில் உடைக் கட்டுப்பாடு வைத்தார்கள், நினைவிருக்கிறதா? பெண்களுக்குச் சேலை, தாவணி, அல்லது மேலாடையுடன் கூடிய சுடிதார். ஜீன்ஸ், லெக்கிங்ஸ் கிடையாது. கொஞ்ச நாளில் அதற்குத் தடை வந்துவிட்டது. 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த ஆணையிலும் சேலை அல்லது சல்வார், சுடிதார், ஆனால் துப்பட்டாவோடு. இரண்டிலும் சுடிதாரை அனுமதித்தது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டிலும் வாலாக அந்த மேல்துணி ஒட்டிக்கொண்டு வருகிறது பாருங்கள். சில தனியார் பள்ளி, கல்லூரிகளில் இன்னும் ஒரு படி மேலே போய், சேலை கட்டின ஆசிரியைகளைச் சேலைக்கு மேல் கோட் போடச் சொல்கிறார்கள். என் தோழி ஒருத்தி மே மாத வெயிலில் பாலியெஸ்டர் கோட்டோடு ஆறு பீரியட் எடுப்பாள். சேலை மேல்துணி கேட்காத உடை என்று நினைத்தால் அதற்கும் துண்டு கேட்கிறார்கள்.

நாஞ்சில் அக்கா சொன்ன 1859-இல் இன்ன விதமாகப் போடாதே என்றார்கள். இப்போது இன்னதைப் போட்டே ஆக வேண்டும் என்கிறார்கள். அளவு எடுக்கிற கை ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும்.

#16 ரெண்டாம் வருஷம்

நான் காலேஜ், 19 வயது. ஒன்று சொன்னால் எல்லாரும் திட்டுவீர்கள். எனக்கு நைட்டியே பிடிக்காது. அதைப் போட்டால் அம்மா ஆகிவிட்ட மாதிரி இருக்கிறது. நானும் என் ரூம்மேட்களும் தொளதொள டீஷர்ட், பேண்ட். ஹாஸ்டல் வார்டன் அதற்கும் ஷால் போடச் சொல்வார், டீஷர்ட்டுக்கு மேல் ஷால், கற்பனை செய்து பாருங்கள்.

எங்கள் செட்டில் இப்போது கைத்தறிச் சேலைதான் ஸ்டைல். அம்மாவின் பழைய சுங்குடி, காலர் வைத்த பிளவுஸ், பெரிய கறுப்புப் பொட்டு, கறுத்த வெள்ளி மாதிரி ஜிமிக்கி, கீழே ஷூ. சிம்போசியம், பொங்கல் விழா, எல்லாவற்றுக்கும் இதுதான். சேலை எங்களுக்குத் திணித்த உடை இல்லை, அதனால் ஆசையாகக் கட்டுகிறோம். அம்மாவுக்கு அது யூனிஃபார்ம், எனக்குக் காஸ்ட்யூம். இதில் எது என் அடையாளம் என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது.

#17 பொடிடப்பா

தங்கச்சி, அந்தக் கறுப்புப் பொட்டு ஜிமிக்கி செட்டும் யூனிஃபார்ம்தான், போன மாதம் என் அக்கா காலேஜ் விழாவில் நாற்பது பேர் ஒரே அச்சில் நின்றார்கள்.

#18 ரெண்டாம் வருஷம்

அது தெரியும் அண்ணா. யூனிஃபார்ம் வேண்டாம் என்று யார் சொன்னது, யார் கொடுக்கிற யூனிஃபார்ம் என்பதில்தான் சண்டை.

#19 களத்துமேடு

யாரும் சொல்லாத ஒன்று. எங்கள் ஊரில் நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை, எதற்குப் போனாலும் பெண்கள் சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை ஒன்று போட்டுக்கொள்வார்கள். புருஷனுடையது, மகனுடைய பழைய பள்ளிச் சட்டை, தேர்தலுக்குக் கொடுத்தது, எதுவானாலும். முழுக்கை இருந்தால் நல்லது. வெயில், சுனை, கரும்புத் தோகை அறுப்பது, எல்லாவற்றுக்கும் அதுதான் காப்பு. குனிந்தால் சேலை விலகுகிறதா என்று பார்க்க வேண்டாம், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கலாம். டவுனில் கட்டட வேலைக்குப் போகிற சித்தாள்களும் அப்படித்தான். பத்திரிகைக்காரர்கள் ஃபேஷன் என்று எதையெதையோ எழுதுகிறார்கள், இதைக் கண்டுபிடித்தவள் பெயர் யாருக்காவது தெரியுமா?

அப்புறம் கோலப்பொடி அக்காவிடம் ஒரு கேள்வி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் 84 வீட்டில் வேலை செய்ய வருகிற பெண்கள் என்ன உடுப்பில் லிஃப்டில் வருகிறார்கள்?

#20 கோலப்பொடி

இந்தக் கேள்விக்குப் பதில் எழுத ஒரு நாள் எடுத்துக்கொண்டேன்.

சேலை அல்லது சுடிதாரில் வருவார்கள். பையில் நைட்டி மடித்து எடுத்து வந்து, வீட்டுக்குள் மாற்றிக்கொண்டு வேலை செய்வார்கள், கிளம்பும்போது திரும்ப மாற்றிக்கொள்வார்கள். எங்கள் வீட்டுக்கு வருகிற அக்கா நாலு வீடு பார்க்கிறார், நாலு முறை மாற்றுகிறார். ஏன் அக்கா அப்படியே அடுத்த வீட்டுக்குப் போகலாமே என்று நான் இத்தனை நாள் கேட்டதே இல்லை. நேற்று கேட்டேன். "நீங்கள்லாம் நைட்டில நடந்தா வீட்டுக்காரங்க. நாங்க நடந்தா செக்யூரிட்டி கூப்பிடுவான்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்தார்.

என் அம்மாவுக்கு ஒருநாள் நடந்ததற்கு நான் இழை ஆரம்பித்தேன். நைட்டியைப் பார்த்து யாரும் எதையும் சொல்ல முடியாது என்று நாஞ்சில் அக்கா எழுதியது லிஃப்டுக்குள் செல்லாது போல.

#21 நாஞ்சில் அக்கா

செல்லாதுதான். ஒத்துக்கொள்கிறேன். துணியில் தெரியாவிட்டால் கையில் இருக்கிற விளக்குமாற்றில் பார்த்துக்கொள்வார்கள்.

#22 வைகைக்கரை

மூன்று நாளாக எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அம்மாவிடம் போனில் பேசும்போது இந்த இழையைப் பற்றிச் சொன்னேன், சிரிப்பதற்காகத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார், அப்பா தவறின வருடத்திலிருந்தே நைட்டிதானாம், நாலு வைத்திருக்கிறாராம், முட்டிவலிக்குச் சேலை கட்டி நிற்க முடியவில்லையாம். நான் வருகிற அன்றைக்கு மட்டும் பஸ் வருகிற நேரம் பார்த்துச் சேலை கட்டிக்கொள்வாராம். "நீதான் ஏதாவது சொல்லுவியே."

இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. பொடிடப்பா தம்பி, லுங்கி வேறு இல்லை.

#23 பொடிடப்பா

அண்ணே, அடுத்த முறை போகும்போது சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்காதீர்கள். ஃபோன் பண்ணி, சேலை வேண்டாம்மா என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

#24 கோலப்பொடி

நிலவரம். சங்கக் கூட்டத்துக்குப் போனேன், எதிர்வீட்டு அக்காவும் வந்தார், அவரும் நானும் நைட்டியும் துண்டுமாகத்தான் போனோம். டவுசர்க்காரர் வரவில்லை. ஒரு மணி நேரம் பேசி அறிவிப்பை எடுத்துவிட்டு "கண்ணியமான உடை" என்று மாற்றியிருக்கிறார்கள், ஆண் பெண் என்று பிரிக்கவில்லை. கண்ணியம் என்றால் என்ன என்று கேட்டேன், டீ வந்துவிட்டது.

வேலைக்கு வருகிறவர்கள் விஷயத்தையும் எழுப்பினேன். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். இந்த முறை கும்பிடும் கைகளும் வரவில்லை.

அம்மா இன்னும் சேலையில்தான் பால் எடுக்கப் போகிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மெஷின் அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன், பாக்கெட் வரை வந்ததும் நிறுத்தச் சொல்லித் திரும்ப வாசிக்கச் சொன்னாள். இரண்டு பக்கமும் பாக்கெட் வேண்டுமாம், மேலே துண்டுக்குப் பதிலாக அதே துணியிலேயே ஷால் மாதிரி ஒன்றும் வேண்டுமாம். எத்தனை மீட்டர் எடுக்கட்டும் அக்கா?

#25 மெஷின் அக்கா

அம்மா உயரமா? உயரம் என்றால் ஐந்தரை எடு, இல்லாவிட்டால் ஐந்து போதும். முதலில் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவை, காட்டன் சுருங்கும். சிவப்பு எடுத்தால் தனியாக ஊறப்போடு.